லேண்ட்லைன் எண்ணை விடாமல் பைபருக்கு மாறுவது எப்படி?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம். 04142-இல் தொடங்கும் எங்கள் லேண்ட்லைன் எண் பில்லிலும் பெயர்ப் பலகையிலும் இருக்கிறது. காப்பர் லைனை எடுத்துவிட்டு பைபர் தருவதாகக் கம்பெனி சொல்கிறது. தெருக் கேபிள்காரரோ நெட்டும் போனும் சேர்த்துக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். இதே எண்ணோடு அவரிடம் போகலாமா? கரண்ட் போனால் போன் பேசுமா? சில ஆர்டர்கள் இன்னும் பேக்ஸில்தான் வருகின்றன.

பதில்: இதே எண்ணோடு போக முடியாது. செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது. 2015 ஜூலையில் மாநிலம் விட்டு மாநிலமும் செல்லுபடியானது. லேண்ட்லைனுக்கு அது வரவே இல்லை. பைபரில் குரலும் டேட்டாவாகத்தான் போகிறது. எண்ணைக் கொண்டுபோகத் தொழில்நுட்பம் பெரிய தடையல்ல, விதிதான் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதை எப்போதோ செய்திருக்கலாம். ஆக, போட்டியெல்லாம் வாடகைக்கும் வேகத்துக்கும்தான். கேபிள்காரர் தருவது 04142-இல் தொடங்கினாலும் வேறு எண்தான்.

அதனால் எண்ணை ஒரு கணக்காகவும் நெட்டை வேறு கணக்காகவும் வையுங்கள். எண் இப்போதைய கம்பெனியிலேயே, குறைந்த வாடகைத் திட்டத்தில் இருக்கட்டும். நெட்டை யாரிடம் வேண்டுமானாலும் வாங்குங்கள். இப்போதைய கம்பெனிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் ‘உள்ள எண்ணை பைபருக்கு மாற்ற’ என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். ‘புதிய இணைப்பு’ என்று பதிவானால் புது எண் வந்துவிடும். பழையதை மீட்க அலைய வேண்டியிருக்கும். காப்பரைத் துண்டிக்கும் முன் பைபரில் பழைய எண்ணுக்கு ரிங் வருகிறதா, நீங்கள் அழைத்தால் மறுமுனையில் அந்த எண்தான் தெரிகிறதா என்று பாருங்கள். செல்போனுக்கு அழைக்கும்போது முன்னால் 0 போட மறக்காதீர்கள். 2021 ஜனவரி 15 முதல் அது கட்டாயம்.

புதுச்சேரி வாசகர்களுக்கும் இதுவே பதில். யூனியன் பிரதேசமானாலும் புதுச்சேரியும் காரைக்காலும் தொலைத்தொடர்பில் தமிழ்நாடு வட்டம்தான். மாஹே கேரளத்தோடும் ஏனாம் ஆந்திரத்தோடும் போய்விட்டன.

கரண்ட் விஷயம்தான் பலரும் ஏமாறும் இடம். காப்பர் லைனில் போனுக்கு வேண்டிய 48 வோல்ட் எக்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே வருகிறது. பைபர் கண்ணாடி இழை. அதில் மின்சாரம் வராது. பைபர் வந்து முடியும், கடையில் மாட்டும் ஓ.என்.டி. பெட்டிக்கு நீங்கள்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். அது 12 வோல்ட் பெட்டி, சுமார் 10 வாட் இழுக்கும். மினி யு.பி.எஸ். வாங்கும்போது 10,000 எம்.ஏ.எச். என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்தக் கணக்கு 3.7 வோல்ட் செல்லுக்கு: 37 வாட்-மணி. இழப்பு போக 3 மணி நேரம் தாங்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்தால் 84 வாட்-மணி. முழுக்க வடியவிடாமல் 5, 6 மணி நேரம் ஓட்டலாம். கார்ட்லெஸ் போனின் அடிப்பெட்டிக்கும் கரண்ட் வேண்டும். ஆகவே சாதாரண ஒயர் போன் ஒன்றை ஓ.என்.டி.யில் மாட்டி வையுங்கள்.

உங்கள் பக்கம் மட்டும் பேட்டரி இருந்தால் போதாது. கேபிள்காரரிடம் அவருடைய ஓ.எல்.டி.க்கு (பைபர் கிளம்பும் அவர் பக்கத்துப் பெட்டி) எத்தனை மணி நேர பேக்கப் என்று கேளுங்கள். வழியில் ஒரு பைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. ஆனால் சிலர் பக்கத்துக் கட்டட மாடியில் ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து சாதாரண நெட் ஒயர் இழுத்துத் தருவார்கள். அந்த மாடியில் கரண்ட் போனால் உங்கள் நெட்டும் போகும். 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் மாதிரி ஒரு புயலுக்கு இதெல்லாம் போதாதுதான். அதற்கு, ‘லைன் எட்டாதபோது இந்த செல்லுக்குத் திருப்பு’ என்ற கால் பார்வர்டிங்கை இப்போதே கம்பெனியில் போட்டுவையுங்கள். கம்பெனியின் சர்வரே அதைச் செய்வதால் கடை இருட்டாக இருந்தாலும் அழைப்பு உங்களிடம் வரும்.

பைபரை மாட்டியதும் பெட்டிக்கு வரும் ஒளியின் அளவை டெக்னீஷியனை பவர் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்த அளவு டி.பி.எம். என்ற அலகில் தெரியும்; மைனஸ் எண் கூடக்கூட ஒளி குறைவு. மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டி.பி.எம். வரை பெட்டி ஏற்கும். மைனஸ் 25-ஐத் தாண்டினால் மழைக்காலத்தில் தொல்லை வரும் என்று எதிர்பார்க்கலாம். இணைப்பைத் துடைத்தோ புதிதாக ஒட்டியோ தரச் சொல்லுங்கள்.

பேக்ஸுக்கு ஜி.711 கோடெக் (ஒலியை டேட்டாவாக்கும் முறை) அல்லது பேக்ஸுக்கென்றே உள்ள டி.38 முறை வேண்டும்; கம்பெனியிடம் கேளுங்கள். ஜி.729 என்ற கோடெக் பேச்சுக்காகச் சுருக்கப்பட்டது. பேக்ஸின் ஒலியை அது சிதைத்துவிடும். மிஷினில் வேகத்தை 9600-க்கு இறக்கி, இ.சி.எம். பிழைதிருத்தத்தை அணைத்துப் பாருங்கள். அப்போதும் பாதிப் பக்கத்தில் நின்றால் ஆர்டரை வாட்ஸப்புக்கு மாற்றுவதே மேல்.

கேபிள்காரரிடம் வாங்குவதானால் பில் உரிமம் பெற்ற கம்பெனியின் பெயரில் வர வேண்டும். அவர் பெரும்பாலும் முகவர்தான். புகார் என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது உரிமதாரர். முதலில் கம்பெனியின் புகார் மையத்தில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். சரியாகாவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். டிராய் தனிநபர் புகாரை விசாரிக்காது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. ஆனால் உங்களுடையது மொத்த வியாபாரம். ‘வணிக நோக்கம், நுகர்வோர் அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டு. சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்தும் கடை என்று காட்ட முடியுமா என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொண்டு மனு போடுங்கள்.