கறி சுமக்க எந்தப் பை வாங்கலாம்?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். மனைவியின் ஊர் அணைக்கட்டு தாலுகாவில், ஜவ்வாது மலை மேல். வண்டிப் பாதை முடிந்த பிறகும் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். குலசாமிக்குக் கிடா வெட்டினால் மாமனார் எங்கள் பங்கென்று பத்துப் பன்னிரண்டு கிலோ கறி கொடுத்து அனுப்புவார். சாக்கில் கட்டித் தோளில் போட்டு இறங்கினால் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடிவதில்லை. சில சமயம் வீடு வருவதற்குள் கறியிலும் வாடை வந்துவிடுகிறது. ஆன்லைனில் 'ஹன்டிங் பேக்பேக்' என்று தேடினேன். நல்லதாகத் தெரிவதெல்லாம் பதினைந்தாயிரத்துக்கு மேல். பச்சையும் காக்கியுமாகப் புள்ளி போட்டது 1,800-க்கே இருக்கிறது. என் பட்ஜெட் 3,000. ஏலகிரி, அமிர்தி என்று ஒரு நாள் நடைக்கும் அதே பை உதவ வேண்டும். எதை வாங்குவது?

பதில்: இரண்டுமே வேண்டாம். 40 லிட்டர் அளவில், முதுகுப் பக்கம் விறைப்பான சட்டமும் (ஃபிரேம்) இடுப்பில் தடித்த பெல்ட்டும் உள்ள மலையேற்றப் பை ஒன்று போதும். ஆன்லைனில் தள்ளுபடி பார்த்துத் தேடினால் உங்கள் பட்ஜெட்டில் அமைந்துவிடும்.

அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பை எதற்கு என்று தெரிந்தால் உங்களுக்கே மனசு ஆறிவிடும். லைசென்ஸ் வாங்கி வேட்டையாடும் அமெரிக்கா மாதிரி நாடுகளில், பெரிய ஆண் எல்க் மான் ஒன்றில் எலும்பு நீக்கிய கறியே 70 கிலோவுக்கு மேல் தேறும். அதை முப்பது, நாற்பது கிலோவாக நடை நடையாகச் சுமந்து வர வேண்டும். அதனால் பையைத் தனியே பிரித்து, சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் கறியை வைத்துக் கட்டுகிற மாதிரி அதைச் செய்கிறார்கள். உங்கள் சுமை 12 கிலோ. அதற்கு அவ்வளவு பணம் எதற்கு? 1,800 ரூபாய்ப் பையில் வேட்டைக்கென்று இருப்பது பெரும்பாலும் அந்தப் புள்ளித் துணி மட்டும்தான்.

அந்த நிறத்தை வேறொரு காரணத்துக்காகவும் தவிர்க்கச் சொல்வேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டை குற்றம். காட்டுப்பன்றி, காட்டு முயல் கறியைக் கையில் வைத்திருந்தாலே வழக்கு வரும். உங்களுடையது வீட்டுக் கிடா, பயம் வேண்டாம். ஆனாலும் காட்டு வழியில் புள்ளிப் பையில் கறியோடு வருகிறவரை வனத்துறையினர் நிறுத்தி விசாரிக்கத்தான் செய்வார்கள். ஆரஞ்சு, நீலம் என்று பளிச்சென்ற நிறமாக எடுங்கள். 

இனி அளவு. கறியின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். 12 கிலோ கறி 12 லிட்டர் இடம் பிடிக்கும்; எலும்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து இருபது லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், சாப்பாடு, மாற்றுத்துணி சேர்த்தால் 40 சரியாக வரும். 60 லிட்டர் எடுத்தால் பாதி காலியாகக் கிடக்கும். கறி அடியில் சரிந்து முதுகைப் பின்னால் இழுக்கும்.

காசு கொடுப்பது இடுப்புப் பெல்ட்டுக்குத்தான் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். சும்மாடு வைத்துத் தலையில் சுமக்கிறவர்களுக்குப் பாரம் முதுகெலும்பு வழியாக நேராகக் கீழே இறங்கிவிடும். தோளில் தொங்கும் சாக்கு அப்படியே கழுத்தைப் பிடித்து இழுக்கும். நல்ல பை பாரத்தை இடுப்பெலும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மலிவான பைகளில் இடுப்பில் வருவது வெறும் நாடா. அது பை ஆடாமல் பிடிக்குமே தவிர பாரம் தாங்காது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பஞ்சு அப்பளமாக நசுங்கி விரலுக்கு விரல் தட்டினால் வேண்டாம். அது நான்கு விரல் அகலமாவது இருந்து, இடுப்பெலும்பைச் சுற்றி முன்பக்கம் வரை வர வேண்டும்.

அடுத்து, தோளில் மாட்டும் பட்டை பையோடு சேரும் இடத்தை உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் ஆறு மாதத்தில் பிய்ந்துவிடும். நெருக்கமாகக் குறுக்கே அடித்த கட்டித் தையல் இருக்க வேண்டும். பை மற்றபடி நன்றாக இருந்து இந்த ஒரு குறை மட்டும் இருந்தால், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் ஷூவும் தோலும் தைக்கிற கைகள் நிறைய உண்டு. கனமான நைலான் நூலில் மறுதையல் போட்டு வாங்கிவிடலாம். வெளியூர்க்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது. துணி 600 டெனியர் (நூலின் தடிமனைச் சொல்லும் அளவு) பாலியஸ்டர் அல்லது 420 டெனியர் நைலான் என்றால் தாராளம். அடிப்பக்கம் இரட்டைத் துணியாக இருந்தால் இன்னும் நல்லது.

கடையில் வாங்கினால், பக்கத்து மளிகைக் கடையில் 10 கிலோ அரிசிப் பை வாங்கிக்கொண்டு போங்கள். அரிசி எப்படியும் வீட்டுக்கு ஆகும். அதை உள்ளே வைத்து மாட்டி, முதலில் இடுப்புப் பெல்ட்டை இடுப்பெலும்புக்கு மேல் இறுக்குங்கள், அப்புறம் தோள்பட்டையை லேசாக. இப்போது தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் விரல்கள் சுலபமாக நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் உங்கள் முதுகு நீளத்துக்கு அந்தப் பை பொருந்தவில்லை. கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்து பாருங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் இதையே வீட்டில், லேபிளைக் கிழிக்காமல், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிடுங்கள்.

கறி வாடை விஷயத்துக்குப் பை மட்டும் பதில் ஆகாது. வெட்டின கறியில் ஆட்டின் உடல் சூடு, ஏறக்குறைய 39 டிகிரி, அப்படியே இருக்கும். அதை உடனே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் சூடும் ஈரமும் உள்ளேயே புழுங்கும்; கெட்டுப்போக வேறென்ன வேண்டும்? விடியற்காலையில் வெட்டச் சொல்லுங்கள். நிழலில், ஈ மொய்க்காமல் துணி போர்த்தி, காற்றில் தொங்கவிட்டு ஆறிய பிறகு கட்டுங்கள். வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் கறிக்கென்றே பருத்திப் பை வாங்குகிறார்கள். நமக்குக் காடாத்துணி இருக்கிறது. மூன்று நான்கு மீட்டர் வாங்கித் துவைத்து, சுருக்குப் பைகளாகத் தைத்துக்கொண்டால் முடிந்தது. தொடை எலும்பு குத்தும் இடத்தில் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றுங்கள். சாறு ஒழுகாமல் இருக்க, கெட்டியான, உணவுக்கு ஏற்ற பாலித்தீன் உறை ஒன்றைப் பைக்குள் விரித்து, வாயைக் கட்டாமல் திறந்தே விடுங்கள். கருப்பு கேரி பேக் வேண்டவே வேண்டாம். 2019 முதல் தமிழ்நாட்டில் தடை; உணவு வைக்கத் தகுந்ததும் இல்லை.

பையின் அடியில் துணிமணி, அதற்கு மேல் முதுகை ஒட்டிக் கறி, வெளிப்பக்கம் லேசான சாமான். பக்கவாட்டு வார்களை இறுக்கிவிட்டால் பாரம் ஆடாது.

நேரம்தான் இதில் கறாரானது. பச்சைக் கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது விதி. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடைக்கே ஒன்றரை மணி நேரம் போகிறது என்பதால், காலைக் குளிர்ச்சியிலேயே இறங்கிவிடுங்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் மீன் கடைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்திருங்கள். இந்தப் பெட்டிக்கு ஆகும் சில நூறு ரூபாயைப் பை பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். சுடுதண்ணீர் பட்டால் ரத்தக்கறை பிடித்துக்கொள்ளும். வாடைக்கு ஆப்பசோடா கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் துணியின் உள்பூச்சு உரிந்துவிடும்.

கேள்வி: குடியாத்தத்தில் ஒரு கடையில் 1,400 ரூபாய்க்குப் பை வாங்கினேன். பதினைந்தாம் நாள் தோள்பட்டை பிய்ந்துவிட்டது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று இருப்பதைக் காட்டி விரட்டுகிறார்கள்.

பதில்: அப்படி அச்சடித்திருப்பதால் குறையுள்ள பொருளை மறுக்கும் உரிமை கடைக்காரருக்கு வந்துவிடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிய்ந்த இடத்தை போட்டோ எடுத்து, பில் நகலோடு, பணமோ மாற்றுப் பையோ கேட்டு எழுத்தில் கொடுங்கள். அதற்கு முன் தைத்துவிடாதீர்கள், சாட்சியே அந்தப் பிய்ந்த தையல்தான். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.