வாசகர் கேள்வி பதில்: எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பிழைப்பு

கேள்வி: கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். போன வருடம் இலங்கைச் சிறையில் இருந்துவிட்டு வந்தார். மறுபடி அனுப்பப் பயமாக இருக்கிறது. கடல்பாசி வளர்த்தால் குடும்பம் ஓடுமா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: உங்கள் பயம் நியாயமானது சகோதரி. ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவே சுமார் 12 கடல் மைல்தான். 1974 ஒப்பந்தத்தில் வகுத்த எல்லைக்கோடு அதற்கும் முன்னாலேயே வந்துவிடுகிறது. மணிக்கணக்கில் மடி (கடலடியை வாரும் இழுவை வலை) இழுக்கும் படகுக்கு இந்தக் கடல் போதாது. இலங்கையோ 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. நம் விசைப்படகுகளால் அங்கே வலை அறுபட்டு நிற்கிற யாழ்ப்பாண, மன்னார் மீனவர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது.

முதலில், விடுதலையானபோது கோர்ட் கொடுத்த உத்தரவை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். 'ஒத்திவைத்த தண்டனை' என்றிருந்தால், அந்தக் காலம் முடிவதற்குள் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்துகொள்ளும். அப்படியானால் எல்லைப் பக்கம் போகும் படகில் அவர் ஏறவே கூடாது.

இனி பாசி. நம் கரையில் 'பெப்சி பாசி' என்கிறார்களே, அந்த கப்பாபைகஸ் என்ற கடல்பாசிதான். 12 அடிச் சதுர மூங்கில் தெப்பம், மூலைக்கு ஒன்றாக 4 அடித் தாங்கு மூங்கில். 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி. மொத்தம் 60 கிலோ. நன்றாக வந்தால் 45 நாளில் 240 கிலோ வரை கிடைக்கும். அதில் 60 கிலோவை மறுவிதைக்கு எடுத்துவிடுங்கள். மீதி 180 கிலோ காய்ந்தால் 18 கிலோதான் தேறும். ஒன்றிரண்டு தெப்பத்தில் குடும்பம் ஓடாது என்பது இதனால்தான். நாளுக்கு ஒரு தெப்பம் வீதம் 45 தெப்பம் இறக்கினால், 46ஆம் நாளிலிருந்து தினமும் ஒன்றை அறுக்கலாம்.

தெப்பத்துக்கு அடியில் வலை கட்டாவிட்டால் ஓரா மீன் மேய்ந்துவிடும். வற்றத்திலும் (கடல் நீர் இறங்கும்போதும்) தெப்பம் தரை தட்டாத இடமாகப் பாருங்கள். கோடையில் தண்ணீர் சூடேறினால் தண்டு வெளுத்து ஒடியும். கண்டதும் அறுத்துவிடுங்கள், காத்திருந்தால் தெப்பமே போய்விடும். மணலில் காயப்போட்டால் விலை இறங்கும், தார்ப்பாய் விரியுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அந்தப் பக்கம் போகாதீர்கள். இடம் எதுவானாலும் மீன்வளத் துறையிடம் முதலில் கேளுங்கள்.

வாடைக்காலத்தில் வடகடலில் (பாக் விரிகுடா பக்கம்) தெப்பம் நிற்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாசி வருமானத்தை நம்ப முடியாது. அந்த மூன்று மாதத்துக்கு அவர் கரையோர நாட்டுப்படகில் நண்டு வலைக்குப் போக இப்போதே பேசி வையுங்கள்.