விமானத்தில் சரக்கு ஏற்றும் வேலை ஆபத்தானதா? தம்பி சேரப்போகிறான், என்ன சொல்லி அனுப்பலாம்?

சென்னை விமான நிலையத்தில் ஒன்பது வருடம் லோடராகவும் சூப்பர்வைசராகவும் இருந்திருக்கிறேன். ஆபத்து உண்டு. ஆனால் எடை தூக்குவதை நினைத்துக் கேட்கிறீர்கள் என்றால், அது இல்லை. ஏ320 விமானத்தின் ஹோல்டில், அதாவது வயிற்றுப் பக்கத்துச் சரக்கு அறையில், நிமிர்ந்து நிற்க முடியாது, முட்டி போட்டுத்தான் பெட்டி அடுக்க வேண்டும், அதனால் முதுகும் முட்டியும் வலிக்கும், நல்ல முட்டிக் கவசம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதாலும், சொன்னது சரியாகக் காதில் விழாததாலும்தான்.

பக்கத்து பேயில், அதாவது விமானம் நிற்கிற இடத்தில், இன்ஜின் ஓடும், காதில் அடைப்பான் இருக்கும், வாக்கி டாக்கியில் "இந்த ட்ராலி பின்னாடி" என்று குரல் வரும். அந்த இரைச்சலில் முன்னாடியும் பின்னாடியும் ஒன்றுதான், "ன்னாடி" மட்டும்தான் கேட்கும். நான் சேர்ந்த புதிதில் இப்படிப் பதினெட்டு பெட்டி ஹோல்ட் மாறிப் போய், கதவு மூடுவதற்கு முன் எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது. அதற்கப்புறம் எங்கள் டீமில் அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிட்டோம். "ஒண்ணு", "நாலு" என்று ஹோல்ட் நம்பர்தான், கேட்டவன் அதையே திருப்பிச் சொன்னால்தான் பெட்டிகளை மேலே ஏற்றுகிற பெல்ட் ஓடும். எடை எங்கே இருக்கிறது என்று நாம் கொடுக்கிற தாளை நம்பித்தான் விமானி டிரிம், அதாவது மூக்கு ஏறாமல் இறங்காமல் சமநிலையில் பறப்பதற்கான அமைப்பு, வைக்கிறார். 1997 ஆகஸ்ட் 7 அன்று மயாமியில் ஒரு டிசி-8 சரக்கு விமானம், தப்பாக ஏற்றியதில் எடை பின்பக்கம் அதிகமாகி, மேலே எழும்பிய உடனே மூக்கு நிமிர்ந்து விழுந்தது. விமானத்தில் நான்கு பேர், தரையில் ஒருவர் போனார்கள்.

வாயால் சொல்வது மட்டும் போதாது என்பதற்கு 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் மான்ட்கோமரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும், சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் கிட்டே போகாதீர்கள் என்று விமானம் வருவதற்கு முன் இரண்டு தடவை கூடிப் பேசியிருக்கிறார்கள். அப்படியும் ஒரு பெண் ஊழியர் கிட்டே போய்விட்டார், இன்ஜின் இழுத்துக்கொண்டது. கூட இருந்தவர் கத்தியிருக்கிறார், கையைக் காட்டியிருக்கிறார். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? விமானத்தின் வயிற்றிலும் முதுகிலும் மின்னுகிற அந்தச் சிவப்பு விளக்கு அணைந்ததைத் தன் கண்ணால் பார்க்காமல், யார் கூப்பிட்டாலும் தம்பி ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. 2005 டிசம்பர் 26, சியாட்டிலில் ஒரு ஊழியர் ஓட்டிய சாமான் வண்டி எம்டி-83 விமானத்தின் பக்கவாட்டில் இடித்துவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. விமானம் கிளம்பி 26,000 அடி உயரத்துக்குப் போனபோது, அடிபட்ட அந்த இடத்தில் ஓர் அடி நீளத்துக்குக் கிழிந்து, உள்ளே காற்றழுத்தம் போய், பயணிகளின் தலைக்கு மேலே ஆக்சிஜன் முகமூடிகள் தொங்கின. நல்லவேளை, திரும்பி வந்து பத்திரமாக இறங்கிவிட்டார்கள். பறக்கிற விமானத்தின் தோல் நாம் நினைப்பதைவிட மெல்லியது, உள்ளேயிருந்து காற்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே சின்ன நசுங்கலாகத் தெரிவது மேலே போனதும் என்ன ஆகும் என்று லோடரால் சொல்ல முடியாது, இன்ஜினியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எங்களிடமும் ஒருநாள் நடந்தது. ஒரு நவம்பர் மாத மழை இரவு, வேலைக்கு வந்து நான்கு மாதமே ஆன பையன் பெல்ட் லோடரைக் கதவுக்குக் கொண்டுபோகும்போது ரப்பர் முனை கதவுக்குக் கீழே பட்டுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. ஓடி வந்து, "அண்ணே, லேசா இடிச்சிட்டேண்ணே" என்றான், கை நடுங்கியது. லோடிங்கை நிறுத்திவிட்டுக் கேப்டனிடம் சொன்னோம். இன்ஜினியர் வந்து டார்ச் அடித்து, தண்ணீரைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் தடவித் தடவி அந்தப் பள்ளத்தைத் தேடி ஆழத்தை அளந்தார். அளவுக்குள்தான் இருந்தது. ஐம்பது நிமிடத் தாமதத்தோடு விமானம் கிளம்பியது.

மறுநாள் நிர்வாகம் அவனிடம் விளக்கம் கேட்டு மூன்று நாள் சம்பளத்தைப் பிடித்தது. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன், கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து எங்கள் பேயிலிருந்து போன இன்னொரு விமானத்தில் அதே மாதிரி ஒரு நசுங்கலை அடுத்த ஊரில் கண்டுபிடித்தார்கள். அன்று எங்கள் ஷிஃப்டில் இருந்த அத்தனை பேரையும் விசாரித்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அதனால் சேருவதற்கு முன்னால், அங்கே இப்போது வேலை செய்கிற லோடர் யாரையாவது டீக்கடையில் பார்த்து ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்: இடித்துவிட்டேன் என்று தானாக வந்து சொன்னவனை இங்கே என்ன செய்தார்கள்?