மசாஜ் வேலைக்கு வரலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்துள்ளேன். கேரள ரிசார்ட்டில் ஆயுர்வேத தெரபிஸ்ட் வேலைக்குப் போனால் என்ன கிடைக்கும்? (நாகர்கோவில்)

பதில்: தொடக்கத்தில் மாதம் 15,000 ரூபாயிலிருந்து 20,000 வரை எதிர்பார்க்கலாம், தங்குமிடமும் சாப்பாடும் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பு. அக்டோபர் முதல் மார்ச் வரை வெளிநாட்டு விருந்தினரால் டிப்ஸ் சேரும், கர்க்கடகச் சிகிச்சைக்கு (கேரளத்தின் கர்க்கடக மாதமான ஆடியில் உடலைத் தேற்றச் செய்யும் சிகிச்சை) உள்ளூர்க்காரர் வருவர், இடைப்பட்ட கோடையில் எண்ணெய்த் தோணி (மசாஜ் செய்யும் மரக்கட்டில்) காய்ந்துதான் கிடக்கும். அந்த மாதங்களிலும் முழுச் சம்பளம் உண்டா என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது. இனிமேல் தொடங்கினால் எத்தனை ஆண்டு செய்யலாம்? (சேலம்)

பதில்: அது வயதைவிட உங்கள் கட்டைவிரலைப் பொறுத்தது. விரலாலேயே அழுத்துபவருக்கு நாளடைவில் அதன் அடிமூட்டு தேய்ந்து, பாட்டில் மூடியைத் திருகக்கூட வலிக்கும். முன்கையாலும் முழங்கையாலும் உடல் எடையைச் சாய்த்து அழுத்தக் கற்றவர் ஐம்பதைத் தாண்டியும் வேலை செய்கிறார். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய விரல்களின் கணு மசாஜ் கட்டிலைத் தொட வேண்டும். கட்டில் உயர்ந்தால் தோளும், தாழ்ந்தால் இடுப்பும் கெடும். நாளொன்றுக்கு நான்கைந்து முழு உடல் மசாஜுக்கு மேல் கேட்கும் இடத்தில் சேராதீர்கள். அந்த வரம்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: ஏழு நாள் பயிற்சி, 25,000 ரூபாய், ‘அரசு பதிவு பெற்ற சான்றிதழ்’ என்கிறார்கள். சேரலாமா? (மதுரை)

பதில்: எந்த அரசு, எதைப் பதிவு செய்தது என்று அவர்களிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் இக்கடிதமே வந்திராது. இத்தகைய விளம்பரங்களில் காட்டப்படுவது பெரும்பாலும் அறக்கட்டளைப் பதிவாகவோ, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவாகவோதான் இருக்கும். உத்யம் பதிவை, தொழில் நடத்துபவர் தம் ஆதார் எண்ணைக் கொண்டு, கட்டணமின்றி, தாமே உறுதிமொழி அளித்து இணையத்தில் பெற்றுவிடலாம். அங்கே ஒரு தொழில் நடக்கிறது என்பதற்கு அது சான்றே தவிர, பாடத்திட்டத்தை எவரும் பரிசீலித்தார்கள் என்பதற்கு அன்று. சுவரில் மாட்டிய ஐஎஸ்ஓ சான்றிதழும் அவ்வகையே.

அபியங்கத்தில், அதாவது உடல் முழுதும் எண்ணெய் தேய்க்கும் மசாஜில், இருவர் இருபுறமும் நின்று ஒரே வேகத்திலும் ஒரே அழுத்தத்திலும் கை ஓட்டப் பழகுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். கிழியை (சூடாக்கிய மூலிகை மூட்டையை) தன் புறங்கையில் ஒற்றிச் சூடு பார்த்த பிறகே பிறர் உடம்பில் வைக்கும் பழக்கமும், நெற்றியில் எண்ணெயைத் தாரையாக ஊற்றும் சிரோதாரையில் எண்ணெயின் சூட்டையும் தாரையின் உயரத்தையும் முக்கால் மணி நேரம் மாறாமல் காக்கும் பொறுமையும் ஏழு நாளில் வருவதில்லை. இப்படிப் பயின்று வருபவர்கள் முதுகுத்தண்டின் மேலேயே நேராக அழுத்துவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். பணம் கட்டுமுன், சான்றிதழில் கையெழுத்திடும் அமைப்பு எது, யார் மேற்பார்வையில் எத்தனை பேருக்குச் செய்து பழக விடுவார்கள் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஆண்களுக்கு வேலை உண்டா? (தென்காசி)

பதில்: உண்டு. முறையான ஆயுர்வேத மையங்களில் ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமே செய்வர். ஆகவே இருபாலரும் தேவை.

கேள்வி: ஸ்பா வேலை என்றால் பெயர் கெடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். (பெண் வாசகர், கோவை)

பதில்: அந்த அச்சத்தைக் காரணமற்றது என்று தள்ள முடியாது, இத்தொழிலின் பெரிய குறை அதுதான். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஸ்பாக்களில் கேமரா பொருத்த உத்தரவு வந்ததும், அடுத்த மாதமே மதுரைக் கிளை, ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது அந்தரங்க உரிமையைப் பாதிக்கும் என்றதும் இந்தச் சந்தேகச் சூழலில்தான். மருத்துவர் மேற்பார்வை உள்ள, உள்ளாட்சி உரிமத்தைப் பார்வைக்கு வைத்திருக்கும் இடத்தில் சேருங்கள். சேருமுன் வீட்டாரை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக உள்ளது. அழுத்தித் தேய்க்கலாமா? (ஈரோடு)

பதில்: தொடவே கூடாது. ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும்; தேய்த்தால் அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தொழிலில் இருந்துகொண்டு இதைக் கேட்பது கவலை தருகிறது.

கேள்வி: துபாய் வேலைக்கு முகவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார், முதலில் சுற்றுலா விசாவில் போகச் சொல்கிறார். (திருச்சி)

பதில்: போகாதீர்கள். பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய உச்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். வேலை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.