கிரீமை விடுங்கள், வீட்டில் யாருக்கெல்லாம் கடிக்கிறது?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது, டவுன் சின்ட்ரோம். தோல் எப்போதும் வரட்சிதான். மூன்று மாதமாக விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தடித்துச் செதில் உதிர்கிறது. பெரிதாகச் சொறிவதில்லை. பார்மசியில் தந்த கிரீம் பூசினால் குறைந்து, திரும்ப வருகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு வரும் வழக்கமான வரட்சிதானா? இப்போது எனக்கும் மகளுக்கும் இரவில் கடி (அரிப்பு). – ஒரு தாயார், வெள்ளவத்தை

பதில்: டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தோல் வரட்சி சர்வசாதாரணம். தைரொயிட் குறைபாடும் அதிகம். அது வரட்சியைக் கூட்டும். ஆனால் அம்மா, வரட்சி தாய்க்கும் தங்கைக்கும் தொற்றாது. அவருக்குச் செதில், உங்களுக்கு இரவுக் கடி என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சிரங்கைத்தான் (ஸ்கேபீஸ்). மிகச் சிறிய பூச்சி தோலைத் துளைத்துத் தங்கி, ஆளுக்கு ஆள் தொற்றும் நோய் அது.

"அவன் சொறிவதே இல்லையே" என்பீர்கள். ஏமாற்றுவது அதுதான். சாதாரண சிரங்கில் உடம்பில் 10, 15 பூச்சிகள்தான் இருக்கும், கடி தாங்காது. செதில் படியும் வகையில் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் கடி மிகக் குறைவாகவும் இருக்கலாம். டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களுக்கு இந்த வகை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. நகத்தடியைப் பாருங்கள், முழங்கையைப் பாருங்கள், தலையையும் விடாதீர்கள். பொருக்குப் பொருக்காகத் தடித்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இனி அந்தக் கிரீம். டியூப்பைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீரொயிட். வைத்தியரின் துண்டில்லாமல் விற்கக் கூடாத சாமான். கவுண்டரில் நிற்கும் தம்பி கையைக்கூடப் பார்க்காமல் எடுத்து நீட்டுவார். சிவப்பு அடங்கும், நோய் வெளியே தெரியாது, பூச்சி உள்ளே பெருகும். இதையே தொடையிடுக்கில் மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து கோடு விழுந்து வருபவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கோடு போகாது. மூலிகை என்று லேபல் ஒட்டி, போனில் ஓடர் பிடித்து விற்பவர்கள் இன்னும் மோசம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று படிக்கவே வழியில்லை.

டியூப்பையும் எடுத்துக்கொண்டு மகனை உடனே தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். செதிலைச் சுரண்டி மைக்ரொஸ்கோப்பில் பார்ப்பார்கள். சிரங்குதான் என்றால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து, கடி இல்லாத அப்பாவுக்கும் சேர்த்து. வழமையாக பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம். கழுத்திலிருந்து பாதம் வரை பூசி இரவு முழுக்க விட்டு, ஒரு கிழமையில் மறுபடி பூசுவது. மகனுக்கு அது போதாது. தலையிலும் பூச வேண்டும், பல தடவை பூச வேண்டும், குளிசையும் தேவைப்படலாம். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். படுக்கை விரிப்பு, துவாய், உடுப்பு எல்லாம் சுடுதண்ணீரில். துவைக்க முடியாததை ஷொப்பிங் பேக்கில் கட்டி ஒரு கிழமை ஒதுக்குங்கள். அவர் போகும் வகுப்பிலும் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

தைரொயிட் பார்த்து வருடம் தாண்டியிருந்தால் அதே வரவில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தோலுக்கு ஒரு நாள், இரத்தத்துக்கு ஒரு நாள், ரிசல்ட்டுக்கு ஒரு நாள் என்று அலையவிடுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளையோடு மூன்று முறை வரிசையில் நிற்பது என்னவென்று அந்தத் திகதிகளைப் போடுபவர்களுக்குத் தெரியாது. கேட்டால்தான் நடக்கும், இரண்டு முறை கேளுங்கள்.

சிரங்கு மாறிய பிறகும் வரட்சி இருக்கும். அதற்கு விலை கூடிய லோஷன் வேண்டாம். குளித்த ஈரம் காயும் முன் வெள்ளை வாஸ்லின் போதும்.