ப்ரோட்டோடைப் ஓடுதுன்னு நேரா ஆயிரம் பீஸ் ஆர்டர் குடுக்கலாமா?

குடுக்காதீங்க. டெவலப்மென்ட் போர்டும் த்ரீடி பிரிண்ட் பாக்ஸும் வெச்சு உங்க டேபிள்ல ஓட்டிட்டு இருப்பீங்கன்னு நினைக்கிறேன், அந்த ஒண்ணு ஓடுறதுக்கும் ஆயிரம் ஓடுறதுக்கும் சம்பந்தமே இல்ல.

நாங்க பண்ணது மொட்டைமாடி டேங்க்ல தண்ணி அளவு பாத்து மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற கருவி, உள்ள இஎஸ்பி32 மாட்யூல், அதாவது வைஃபையோட வர்ற சின்ன கன்ட்ரோலர். அசெம்பிளிக்கு வெளிய குடுத்து முதல்ல ஒரு சின்ன லாட் போட்டோம், அங்க ஏசி ரூம்ல எல்லாமே பாஸ். மாடியில மாட்டினா காலையில நல்லா ஓடுது, உச்சி வெயில்ல தானா ரீஸ்டார்ட் ஆகுது, சாயங்காலம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுது. லாக் எடுத்தா பிரவுன்அவுட், அதாவது வோல்டேஜ் விழுந்து மாட்யூல் ரீசெட் ஆகுது. வைஃபை அனுப்பும்போது மாட்யூல் திடீர்னு சில நூறு மில்லிஆம்ப் இழுக்கும், அதுல வோல்டேஜ் விழாம இருக்கத்தான் பக்கத்துல சார்ஜைச் சேத்து வெச்சுக் குடுக்கற கெபாசிட்டர். நாங்க எழுதிக் குடுத்தது எக்ஸ்7ஆர்ங்கற வகை, அசெம்பிளிக்காரங்க எங்களைக் கேக்காமலே போட்டது ஒய்5விங்கற வகை. சூடானா எக்ஸ்7ஆரோட மைக்ரோஃபாரட் அளவு 125 டிகிரி வரைக்கும் 15 சதவீதத்துக்கு மேல மாறாது, ஒய்5வி 85 டிகிரிக்குள்ளயே 82 சதவீதம் வரைக்கும் குறையலாம். செராமிக் கெபாசிட்டர் மேல எழுத்தே இருக்காது, கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது, கழட்டி, அந்த அளவைக் காட்டுற எல்சிஆர் மீட்டர்ல வெச்சு ஹேர் டிரையரால சூடு காட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. கேட்டா "அதே மைக்ரோஃபாரட் தானே சார்"ங்கறாங்க. நம்மள நம்பி காசு குடுத்தவங்க வீட்டு மாடியில போய் அத்தனையும் கழட்டிட்டு வந்தோம், இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

சைனாவுல குடுத்திருந்தா இப்படி ஆகாதுன்னு கமெண்ட்ல வருவீங்க, தெரியும். பெபிள்ங்கற ஸ்மார்ட்வாட்சுக்கு 2012ல கிக்ஸ்டார்ட்டர்ங்கற, மக்கள்கிட்ட முன்பணம் திரட்டற சைட்ல 68,929 பேர்கிட்ட ஒரு கோடி டாலருக்கு மேல வாங்கி, சைனாவுலதான் தயாரிச்சாங்க, செப்டம்பர்ல தரேன்னது 2013 ஜனவரியிலதான் அனுப்பவே ஆரம்பிச்சாங்க. எந்த ஊர்ல குடுத்தாலும் நாம பக்கத்துல நிக்கணும்.

அதனால பார்ட்ஸ் லிஸ்ட்ல வெறும் வேல்யூ எழுதாம கம்பெனி பேரு, பார்ட் நம்பரோட எழுதுங்க, எழுத்துல நம்ம ஒப்புதல் இல்லாம எதையும் மாத்தக்கூடாதுன்னு ஆர்டர்லயே போடுங்க. முதல் லாட்ல கொஞ்சம் எடுத்து சூட்டுல வெச்சு ஓட்டுங்க. ஒவ்வொரு பீஸையும் மாட்டி சோதிக்கற டெஸ்ட் ஜிக்குக்கு காசு ஒதுக்குங்க, அதை தண்டச் செலவுன்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. பிளாஸ்டிக் பாக்ஸை வார்க்கற மோல்டு அடிக்கவே ஒன்றரை ரெண்டு மாசம் ஆகும், முதல் தடவை வார்க்கும்போது ஸ்க்ரூ போடற இடத்துக்குப் பின்னாடி குழி விழும், அதைத் திருத்த இன்னும் கொஞ்ச நாள்.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா சொல்லாம இருக்க முடியல. சிறு நிறுவனத்துக்கிட்ட சரக்கு வாங்கினா 45 நாளுக்குள்ள பணம் குடுக்கணும்னு 2006லயே சட்டம் போட்டாச்சு. எங்க டீலர் ஒருத்தர் சரக்கை வித்து முடிச்சு பணத்தையும் வாங்கிட்டு, நமக்கு மட்டும் "அடுத்த வாரம்"னு மாசக்கணக்கா சொல்றாரு. அசெம்பிளிக்காரங்க அட்வான்ஸ் இல்லாம மெஷினையே ஆன் பண்ண மாட்டாங்க. ரெண்டு பக்கமும் நம்ம காசுதான் மாட்டிக்கிட்டு நிக்கும், ஆயிரம் பீஸுக்கு பட்ஜெட் போடும்போது அதையும் சேத்துப் போடுங்க.