ஏற்காட்டில் ஆலிவ் காய்க்குமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கரில் காபியும் மிளகும் இருக்கிறது. சேலத்தில் ஒரு நர்சரியில் ஆலிவ் கன்று விற்கிறார்கள். மலைக்குளிருக்கு மூன்றே வருடத்தில் காய்க்கும் என்கிறார்கள். ஐம்பது கன்று வைக்கலாமா?

பதில்: முதலில் அது ஆலிவ்தானா என்று பாருங்கள். ஆலிவ் இலை ஒல்லியாக, ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும். விளிம்பில் பல் இருக்காது. திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல் இருக்கும். லென்ஸில் பார்த்தால் குட்டிக் குடைகளாகச் செதில்கள் தெரியும். இலை நீரை இழக்காமல் காப்பது இவைதான். உங்கள் கன்றில் விளிம்பு பல்பல்லாக இருந்து, முற்றிய இலை சிவந்து உதிர்ந்தால் அது வெரலிக்காய், கேரளத்தில் காரக்கா. 'சிலோன் ஆலிவ்' என்ற பெயரில் நிறைய விற்பனையாகிறது. ஊறுகாய்க்கு அருமை. ஆனால் ஆலிவ் எண்ணெய் அதில் கிடைக்காது.

சரி, அசல் ஆலிவ் என்றே வைத்துக்கொள்வோம். மரம் வளரும், காய்ப்பதுதான் சந்தேகம். இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டு பூவாக விரிய குளிர் வேண்டும். 1950-களில் கலிபோர்னியாவில் ஹார்ட்மன் என்ற தோட்டக்கலை ஆய்வாளர் சில மரங்களைக் குளிர்காலத்தில் கதகதப்பான கண்ணாடிக்கூடத்திலேயே வைத்துப் பார்த்தார். செழிப்பாக வளர்ந்தன, பூக்கவில்லை. பல வாரங்களுக்கு இரவு ஏழு டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும், பகலும் அதிகம் சுடக்கூடாது. ஏற்காட்டில் ஜனவரி இரவு சுமார் 12, 13 டிகிரி. பகலில் 20-ஐத் தாண்டிவிடும். நமக்கு ஸ்வெட்டர் குளிர், ஆலிவுக்கு இதமான காற்று! (குண்டுமல்லியும் இதே குடும்பம்தான். அது வெயில் ஏறினால் பூக்கும், இது குளிர் கேட்கும்.)

"ராஜஸ்தானில் காய்க்கிறதே?" என்பீர்கள். 2007 வாக்கில் இஸ்ரேல் உதவியோடு அங்கே நட ஆரம்பித்தார்கள். பிகானேர் பக்கம் லூன்கரன்சரில் எண்ணெய் ஆலையும் வந்தது. பாலைவனத்தில் பகல் எப்படியோ, குளிர்கால இரவு நடுங்க வைக்கும். மழையும் குறைவு. உங்கள் மலையில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் கொட்டுகிறது. இலைப்புள்ளி நோய்க்கு அது கொண்டாட்டம். போதாததற்கு சில்வர் ஓக் நிழல். காபிக்கு அது சுகம், ஆலிவுக்கு ஆகாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டியில் ஒளித்துக் குச்சி கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம். 2013-ல் இத்தாலியின் பூலியாவில் சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டது; அதன்பின் லட்சக்கணக்கான ஆலிவ் மரங்கள் காய்ந்தன. மரபணுவை ஆராய்ந்தால், கோஸ்டாரிகாவின் காபிச் செடியில் இருக்கும் அதே வகை. அழகுக்காக வளர்க்கும் காபிச் செடி வழியாக வந்திருக்கலாம் என்கிறார்கள். காபித் தோட்டக்காரருக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

ஐம்பது வேண்டாம். ஆசைக்கு இரண்டு வையுங்கள்: அர்பெக்கினா ரகம், மற்றவற்றைவிடக் குறைந்த குளிரே போதும். முழு வெயில் படும் மேட்டில், நீர் தேங்காமல் மண்ணை அணைத்து நடுங்கள். காய்க்காவிட்டாலும் இலை கிடைக்கும், டீ போடலாம். ரத்த அழுத்தத்தை அது ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை எடுப்பவர் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். மீதி 48 கன்றின் காசுக்கு மிளகுக்கொடி வாங்குங்கள்.